சாவி கையில், வண்டி சுங்க இலாகாவில்! பழைய வெளிநாட்டு ஜீப் வாங்குவோர் உஷார்

வாடிப்பட்டி,

மதுரை - திண்டுக்கல் நான்கு வழிச்சாலையில் இருக்கும் வாடிப்பட்டியில் ஜீப் என்றால் தனி மவுசு. ஒரு பக்கம் சிறுமலை. கொடை ரோடு தாண்டி வத்தலக்குண்டு வழியாகப் போனால் கொடைக்கானல் மலை. இன்னும் மேற்கே தேனி, போடி, கம்பம் என்று போனால் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போவதே ஜீப்தான். அதனால் இந்த வட்டாரத்தில் ஒரு பழைய ஜீப் விற்பனைக்கு நிற்கிறது என்றால், டீ குடிக்க வந்தவர் கூட கிளாசும் கையுமாக வந்து ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் போவார்.

அதுவும் ‘இம்போர்ட்டட்’ என்று சொல்லிவிட்டால் பானெட்டில் வைத்த கையை எடுக்க மனசு வராது.

‘‘அண்ணே, அசல் ஜப்பான் வண்டி. மிலிட்டரி ஆபீசர் வச்சிருந்தது. மலையில விட்டா ஆடு மாதிரி ஏறும். அவசரத்துக்குக் கொடுக்கிறேன். இல்லேன்னா இது விக்கிற வண்டியாண்ணே?’’

விற்க வருகிறவர்கள் பாடும் பாட்டு இதுதான்.

இப்படிப்பட்ட வண்டிகளை லட்சக்கணக்கில் கொட்டிக் கொடுத்து வாங்கியவர்கள், 2025-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் கேரளாவில் அவற்றை அதிகாரிகள் எடுத்துப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதுபற்றிய விவரம் வருமாறு:-

ஒரே நாளில் 36 வண்டிகள்

செப்டம்பர் 23-ந்தேதி காலை. கொச்சி சுங்க இலாகா அதிகாரிகள் கேரளா முழுவதும் சுமார் 30 இடங்களில் ஒரே நேரத்தில் புகுந்தார்கள். இந்தச் சோதனைக்கு அவர்கள் வைத்த பெயர் ‘ஆபரேஷன் நும்கோர்’. பூட்டான் நாட்டு பாஷையில் நும்கோர் என்றால் வண்டி.

மலையாள சினிமா நடிகர்களின் வீடுகள், பழைய கார் வியாபாரிகளின் ஷெட்டுகள் எதையும் விடவில்லை. முதல் நாளிலேயே 36 வண்டிகள் சிக்கின. லேண்ட் குரூசர், லேண்ட் ரோவர் டிபெண்டர் என்று மலையும் காடும் ஏறுகிற ஜாதி வண்டிகளும் அதில் இருந்தன. கேரளாவில் மட்டும் இதுபோல 150 முதல் 200 வண்டிகள் ஓடுவதாக அதிகாரிகள் கணக்குச் சொன்னார்கள்.

சுங்க இலாகாவின் குற்றச்சாட்டு இதுதான். பூட்டானில் ராணுவம் கழித்துவிட்ட வண்டிகளையும் மற்ற பழைய வண்டிகளையும் மலிவாக வாங்கியிருக்கிறார்கள். சிலவற்றைப் பிரித்துக் கண்டெய்னரில் போட்டும், சிலவற்றைச் சுற்றுலா வண்டி போல ஓட்டியும் எல்லை தாண்டிக் கொண்டு வந்திருக்கிறார்கள். வரி ஒரு பைசா கட்டவில்லை. இமாசலபிரதேசம் போன்ற தூரத்து மாநிலங்களில் பதிவு செய்து, அங்கிருந்து தெற்கே தள்ளிவிட்டார்கள்.

பூட்டானிலும் நம்மைப் போலவே இடது பக்கம்தான் ஓட்டுவார்கள். ஸ்டீரிங் வலது பக்கம். அதனால் இங்கே வந்த பிறகு ஸ்டீரிங்கை மாற்றும் வேலை கூட இல்லை. வண்டியைப் பார்த்து யாருக்கும் சந்தேகமும் வராது.

கோவை தொடர்பு

‘மிலிட்டரி ஆபீசர் வச்சிருந்தது’ என்ற பாட்டுக்கு இங்கேதான் அர்த்தம் புரிகிறது. இந்திய ராணுவம், வெளிநாட்டுத் தூதரகம் என்று பெரிய பெயர்களில் போலிக் காகிதம் தயாராகியிருக்கிறது என்று அதிகாரிகள் சொன்னார்கள். ராணுவம் விற்றது, தூதரகம் கழித்தது என்றால் யார் எதிர்க்கேள்வி கேட்பார்கள்?

கேரளா விவகாரம்தானே, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. இந்த வண்டிகளைக் கைமாற்றிவிட்ட கும்பல் கோவையை மையமாக வைத்து இயங்கியது என்றும் சுங்க இலாகா கூறியது. அக்டோபர் 8-ந்தேதி அமலாக்கத் துறை சோதனை நடத்திய 17 இடங்கள் கேரளாவிலும் தமிழ்நாட்டிலும் இருந்தன. கோவைக்கும் வாடிப்பட்டிக்கும் தூரம் ஒன்றும் அதிகம் இல்லை. ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் விடிவதற்குள் வந்துவிடலாம்.

வண்டியைப் பறிகொடுத்தவர்களில் ஒருவர் கேரள ஐகோர்ட்டுக்குப் போனார். அவருடையது 2004-ம் ஆண்டு டிபெண்டர். செஞ்சிலுவைச் சங்கத்தின் டெல்லி அலுவலகத்துக்காக இறக்குமதியான வண்டி என்று காகிதத்தில் இருந்தது, நம்பித்தான் வாங்கினேன் என்பது அவர் வாதம். வண்டியைத் தற்காலிகமாக விடுவிப்பது பற்றிப் பரிசீலிக்கும்படி சுங்க இலாகாவுக்குக் கோர்ட்டு சொன்னது. கோர்ட்டு படி ஏற அவருக்கு வசதி இருந்தது. வாடிப்பட்டியில் நிலத்தை அடமானம் வைத்து வண்டி வாங்குகிறவருக்கு?

காகிதமும் ஒரு ‘பார்ட்ஸ்’தான்

பழைய வண்டியை வெளிநாட்டில் இருந்து இறக்குமதி செய்வது லேசான காரியம் அல்ல. தயாராகி 3 வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. ஸ்டீரிங் வலது பக்கம் இருக்க வேண்டும். மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும். வண்டி விலையைத் தூக்கிச் சாப்பிடும் அளவுக்கு வரி. இவ்வளவும் கட்டி முறையாக வந்த வண்டியை ஒருவர் ‘சல்லிசா முடிச்சு விடுறேன்’ என்றால், அங்கேயே சந்தேகம் வர வேண்டும்.

ஆர்.சி. புத்தகத்தைக் காட்டினால் மட்டும் போதாது. இறக்குமதியான வண்டிக்கு, வரி கட்டியதைக் காட்டும் சுங்க இலாகாவின் ‘பில் ஆப் என்ட்ரி’ இருக்க வேண்டும். அதைக் கேட்டதும் ‘அது பழைய ஓனர்கிட்ட இருக்கு’ என்று தலையைச் சொறிந்தால், டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம். செல்போனில் நம்பரைத் தட்டிப் பார்த்தேன், சரியாக வந்தது என்பதும் உத்தரவாதம் அல்ல. அரசாங்கப் பதிவேட்டிலேயே விவரங்களைத் திருத்தியிருக்கிறார்கள் என்பதுதான் கொச்சி வழக்கின் பெரிய குற்றச்சாட்டு. வெளி மாநில வண்டி என்றால், முதலில் பதிவான ஊரின் போக்குவரத்து அலுவலகத்துக்கே எழுதிக் கேட்டுவிடுவது நல்லது.

அடுத்தது சேஸிஸ் நம்பர். இரும்பில் கொத்தியிருக்கும் அந்த நம்பர் மேல் வெள்ளைக் காகிதத்தை வைத்து பென்சிலால் தேய்த்தால் அச்சு அப்படியே வரும். எழுத்து ஒன்று பெரிசு ஒன்று சிறிசாக இருந்தாலோ, அந்த இடத்தில் மட்டும் புது பெயிண்ட், கிரைண்டர் போட்ட தடம் தெரிந்தாலோ வேறு ஆராய்ச்சியே வேண்டாம்.

சூடான பானெட்

காகிதம் சரியாக இருந்தால்தான் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும்.

வண்டி பார்க்கப் போனதும் முதலில் பானெட்டைத் தொட்டுப் பார்ப்பார்கள் விவரம் தெரிந்தவர்கள். சூடாக இருந்தால் ஆள் வருவதற்கு முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். காலையில் ஆறிப்போய் நிற்கும் என்ஜின்தான் உண்மையைப் பேசும். நீலப் புகை வந்தால் என்ஜின் ஆயில் குடிக்கிறது. கறுப்புப் புகை என்றால் டீசல் சரியாக எரியவில்லை. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் தண்ணீர் உள்ளே இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஜீப்புக்குப் பெருமையே நாலு சக்கரமும் இழுப்பதுதான். அதைத் தார் ரோட்டில் சோதித்தால் ஒன்றும் தெரியாது. திருப்பும்போது வண்டி முக்கும், அவ்வளவுதான். கண்மாய்க் கரை மண்ணில் இறக்கி, லீவரைப் போட்டு, முன் சக்கரமும் மண்ணை வாருகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுக்க வேண்டும். வெள்ளை வேட்டிக்காரர்கள் இதற்குத்தான் யோசிப்பார்கள். புதிதாகத் தார் பூசி அடிப்பக்கம் பளபளவென்று இருந்தால், உள்ளே துருவும் வெல்டிங்கும் ஒளிந்திருக்கலாம்.

இரண்டாம் உலகப் போர் காலத்து ‘அசல் அமெரிக்க வில்லீஸ்’ என்று விற்பது இன்னொரு வகை. 1941 முதல் 1945 வரை வில்லீஸ், போர்டு இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து 6 லட்சத்துக்கு மேல் ஜீப்புகளைச் செய்தன. பிறகு 1947-ல் மகிந்திரா கம்பெனி இந்தியாவில் ஜீப் பூட்ட ஆரம்பித்தது. மகிந்திரா ஜீப்புக்குப் பச்சை பெயிண்ட் அடித்து, நட்சத்திரம் வரைந்து, போர் ஜீப் என்று விலை சொல்கிறவர்கள் உண்டு. முகப்புத் தகட்டை எண்ணிப் பார்த்தால் போதும். அந்தக் காலப் போர் ஜீப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு முகப்பில் 9 பிளவுகள். பின்னால் வந்தவற்றுக்கு 7. பெட்ரோல் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கும். போர்டு செய்ததாக இருந்தால் போல்ட்டுத் தலையில் கூட ஆங்கில ‘எப்’ எழுத்து பொறித்திருக்கும்.

விற்பவருக்கும் தலைவலி

வாங்குகிறவர்தான் மாட்டுவார் என்று இல்லை. வண்டியை விற்றோம், பணத்தை எண்ணினோம் என்று போனவர்களும் மாட்டியிருக்கிறார்கள். 2009-ல் நடந்த ஒரு விபத்து வழக்கில், கார் அதற்கு முன்பே பல கை மாறிவிட்டது. ஆனால் ஆர்.சி.யில் பழைய பெயரே இருந்தது. யார் பெயர் பதிவில் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி சொந்தக்காரர், நஷ்டஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது.

எனவே 29, 30-ம் நம்பர் பாரங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு நிற்கக் கூடாது. அதே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளைக்குள் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள் கெடு. வாடிப்பட்டியிலேயே பகுதி அலுவலகம் இருப்பதால் மதுரைக்கு பஸ் ஏற வேண்டிய அவசியம் கூட இல்லை. என்ஜினை மாற்றியிருந்தால் அது ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்பதையும் விற்கும்போதே சொல்லிவிட வேண்டும். பழைய ஜீப்புகளில் பெட்ரோல் என்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் என்ஜின் வைப்பது சகஜம். சொல்லாமல் விற்றால் எப்.சி.க்குப் போகும் அன்று குட்டு உடையும். வண்டியை ஒப்படைக்கும்போது தேதி, மணி எழுதி, சாட்சியோடு கையெழுத்து வாங்கிக் கொள்வது இரண்டு பேருக்கும் நல்லது.

பேரம் படிந்து, காகிதமும் சரியாகி, வண்டி வீட்டு வாசலுக்கு வந்த பிறகும் ஒரு செலவு காத்திருக்கிறது. 20 வருஷம் தாண்டிய வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை மத்திய அரசு 2025-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் உயர்த்தியது. சாதாரணக் காருக்கு ரூ.10 ஆயிரம். அதுவே வெளிநாட்டில் இருந்து வந்த நாலு சக்கர வண்டி என்றால் ரூ.80 ஆயிரம்.