பெட்டியிலிருந்து வீட்டுக்கு

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் 'பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு' என்று சொன்னால் பலருக்குப் பிடிபடாது. "குழந்தையைப் பெட்டியில வெச்சிருக்காங்க" என்றால் எல்லோருக்கும் புரியும். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, வேலூர் சி.எம்.சி.யோ, அந்தக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து குழந்தை எப்போது வெளியே வரும் என்றுதான் குடும்பமே காத்துக் கிடக்கும். வந்த அன்று ஆரத்தி, பிரியாணி, உறவுக் கூட்டம். கண்டம் கழிந்துவிட்டது என்ற நிம்மதி.

டாக்டர்களின் கணக்கு வேறு. குழந்தை பால் குடிக்கிறது, உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்கிறது, மூச்சு தடைபடவில்லை, எடை ஏறுகிறது. இவ்வளவும் கூடிவந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சிகிச்சையில் பாதி அப்போதும் மிச்சம் இருக்கிறது. நேற்று வரை நர்ஸ் பார்த்த வேலையை இன்று முதல் அம்மாவும் அப்பாவும் ஆயாவும் பார்க்க வேண்டும்.

எட்டு மாசக் குழந்தை தங்காதா?

ஏழாம் மாசம் பிறந்தால் பிழைக்கும், எட்டாம் மாசம் பிறந்தால் தங்காது என்று இன்றும் பெரியவர்கள் சொல்கிறார்கள். நம் ஊர்க்காரர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் பழைய கிரேக்க மருத்துவ நூல்களிலும் இதே நம்பிக்கை இருக்கிறது. உண்மை இதற்கு நேர் எதிர். 37 வாரம் முடியும் முன் பிறந்தால் குறைமாசம். வயிற்றில் ஒவ்வொரு வாரம் கூடும்போதும் நுரையீரலும் மூளையும் தேறுகின்றன. எட்டு மாசக் குழந்தைக்கு ஏழு மாசக் குழந்தையைவிட வாய்ப்பு அதிகம். இதைச் சொல்ல வேண்டியிருப்பதற்குக் காரணம், 'எப்படியும் தங்காது' என்று மனதுக்குள் முடிவு கட்டிக்கொண்ட வீட்டில் அடுத்த செக்கப்புக்கு யாரும் அவசரப்படுவதில்லை என்பதுதான்.

நெஞ்சோடு நெஞ்சாக

1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் ஓர் அரசு மருத்துவமனையில் இன்குபேட்டர்கள் போதவில்லை. எட்கர் ரே என்ற மருத்துவர் எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் நெஞ்சில் நேராகக் கட்டி வைக்கச் சொன்னார். பற்றாக்குறையில் பிறந்த வழிதான் இன்று 'கங்காரு தாய் பராமரிப்பு' என்று உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு 2021இல் வெளிவந்தது. பிறந்த உடனே இப்படி நெஞ்சோடு அணைக்கப்பட்ட எடை குறைந்த குழந்தைகளில், முதல் 28 நாள் இறப்பு கால்பங்கு குறைந்திருந்தது.

வீட்டிலும் இதைத் தொடர வேண்டும். குழந்தைக்குத் தொப்பி, சாக்ஸ், நாப்கின் மட்டும் போதும். அம்மாவின் இரு மார்புக்கும் நடுவே நிமிர்ந்த வாக்கில், தலையை ஒரு பக்கம் திருப்பி, தவளைபோலக் கால்களை மடக்கி வைத்து, மேலே ஒரு பருத்திப் புடவையால் கட்டிக்கொள்ளலாம். ஒரு தடவை வைத்தால் ஒரு மணி நேரமாவது எடுக்கக் கூடாது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் செய்வது நல்லது. இரண்டரை கிலோவை நெருங்கியதும் குழந்தையே நெளிந்து, உதைத்து, போதும் என்று காட்டிவிடும்.

அப்பாவும் செய்யலாம். ஆனால் தோல் பதனிடும் இடத்திலோ ஷூ கம்பெனியில் பசை ஒட்டும் பிரிவிலோ வேலை செய்பவர், வந்த கோலத்தில் குழந்தையைத் தூக்கக் கூடாது. குளித்து, வேலைத் துணியை வெளியே போட்டுவிட்டு, பிறகு தூக்கட்டும்.

வேலூர் வெயிலில் இன்னொரு குழப்பம். மே மாசம் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் குழந்தைக்குக் குளிரெடுக்குமா என்று கேட்பார்கள். ஒன்றரை, ஒன்றே முக்கால் கிலோ குழந்தைக்கு விடியற்காலை ஃபேன் காற்றே போதும், உடல் சில்லிட்டுவிடும். பகலில் மூன்று சுற்று கம்பளி சுற்றினால் சூடேறி வாடும். கைதான் இங்கே தெர்மாமீட்டர். வயிறு, பாதம் இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் சரி. வயிறு சூடு, பாதம் சில்லென்றால் உடனே நெஞ்சோடு அணைக்க வேண்டும். இரண்டும் சில்லென்றிருந்தால் அணைத்தபடியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

பாலாடை இருக்க பாட்டில் எதற்கு

மார்பில் சப்பிக் குடிக்கத் தெம்பில்லாத குழந்தைக்குப் பாலைப் பீய்ச்சி, பாலாடையில் புகட்டச் சொல்லி அனுப்புவார்கள். நம் வீட்டுச் சங்கும் பாலாடையும் இன்று குழந்தை மருத்துவப் பாடப்புத்தகங்களில் அதே பெயரில் ஏறிவிட்டன. கொதிக்கவைத்துக் கழுவுவது எளிது. இடுக்கு, ரப்பர் எதுவும் இல்லை. ஃபீடிங் பாட்டிலைவிட எல்லா வகையிலும் மேல் என்பது என் கட்சி. குழந்தையைச் சாய்வாக மடியில் வைத்து, கடைவாய் ஓரத்தில் பாலாடை நுனியை வைத்து, அது விழுங்க விழுங்கச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அழும்போதும் தூங்கும்போதும் ஊற்றினால் புரையேறும்.

வெயிலில் நாக்கு வறளுகிறதே என்று தண்ணீர் கொடுப்பதுதான் இந்த ஊரில் பெரிய தொல்லை. தாய்ப்பாலில் 87 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். ஆறு மாசம் வரை தனியாக ஒரு சொட்டும் வேண்டாம். அதுவும் பாலாற்றங்கரைத் தண்ணீர். தோல் கழிவால் நிலத்தடி நீர் கெட்டதைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996இலேயே வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும். கரைந்திருக்கும் உப்பும் உலோகமும் அப்படியே இருக்கும். பவுடர் பால் கொடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்னால், எந்தத் தண்ணீரில் கரைப்பது என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சொட்டு மருந்தில் ஓர் எச்சரிக்கை. வைட்டமின் டி சொட்டு ஒரு மில்லிக்கு 400 யூனிட் அளவிலும் 800 யூனிட் அளவிலும் கிடைக்கிறது. கடைக்காரர் பிராண்டை மாற்றிக் கொடுத்தால் அளவும் மாறும். பாட்டிலை அடுத்த செக்கப்புக்குக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

தூளி, சாம்பிராணி, தேன்

வீட்டுக்கு வந்த குழந்தையின் காதில் பாங்கு சொல்வதாலோ இடுப்பில் கறுப்புக் கயிறு கட்டுவதாலோ ஒன்றும் ஆகப்போவதில்லை. வாய்க்குள்ளும் மூக்குக்குள்ளும் போகும் சமாச்சாரங்களில்தான் கண்டிப்பு வேண்டும். சேனை வைக்கிறேன் என்று சர்க்கரைத் தண்ணீர், தேன், பேரீச்சம்பழம், உரைமருந்து எதுவும் நாக்கில் படக் கூடாது. மூக்கில் எண்ணெய் விடுவது, வாயால் ஊதிச் சளி எடுப்பது வேண்டவே வேண்டாம். சாம்பிராணிப் புகை பெரியவர்களுக்கே இருமல். ஆக்ஸிஜனில் இருந்து வந்த நுரையீரலுக்கு அது கொடுமை.

தூளியில் முதுகு வளைந்து, தாடை நெஞ்சில் இடிக்கும். கழுத்து நிற்காத குறைமாசக் குழந்தைக்கு அப்படி மூச்சுக்குழல் மடங்கிப்போகும். கொஞ்ச மாசம் தூளியை மறந்துவிட்டு, சமதளப் படுக்கையில் மல்லாக்கப் போடுங்கள். பார்க்க வருகிறவர்கள் வாசலோடு பார்த்துப் போகட்டும். முத்தம் கொடுக்க வருகிற மாமாவைத் தடுக்கும் பொறுப்பு பச்ச உடம்புக்காரிக்கு வேண்டாம். அதை மாமியார் ஏற்றுக்கொண்டால் வீட்டில் சண்டை குறையும்.

தள்ளிப்போடக் கூடாத தேதி

டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருப்பதில் மிக எளிதாகத் தவறிப்போவது கண் பரிசோதனை. கருவில் விழித்திரையின் ரத்தக் குழாய்கள் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி வளர்ந்து, நிறைமாசத்தை ஒட்டித்தான் முழுமையடைகின்றன. முன்கூட்டியே பிறந்த குழந்தைக்கு அவை தாறுமாறாக வளர்ந்து, விழித்திரையையே பிய்த்துவிடலாம். வெளியே பார்த்தால் கண் தெளிவாக இருக்கும். சிவப்போ நீரோ வராது. வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

34 வாரத்துக்கு முன் பிறந்தவை, அல்லது இரண்டு கிலோவுக்குக் குறைவாகப் பிறந்தவை எல்லாம் பிறந்த நான்கு வாரத்துக்குள் கண் காட்ட வேண்டும் என்பது இந்திய வழிகாட்டுதல். 28 வாரத்துக்கு முன் பிறந்தாலோ 1,200 கிராமுக்குக் குறைவாக இருந்தாலோ இன்னும் முன்பே, மூன்று வாரத்துக்குள். பிறந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். இருபது நாள் பெட்டியில் இருந்த குழந்தைக்கு இந்தக் கெடு வீட்டுக்கு வந்த அடுத்த வாரமே வந்துவிடும். அந்த வாரத்தில்தான் "தீட்டு கழியட்டும்", "நாப்பது நாள் ஆகட்டும்", "இந்த வெயில்ல எப்படித் தூக்கிட்டுப் போறது" என்ற பேச்செல்லாம் எழும். சொட்டு விட்டுப் பாவை விரிந்ததும் சில நிமிடங்களில் முடிகிற பரிசோதனை. ரத்தக் குழாய்கள் முழுதாக வளரும் வரை ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரச் சொல்வார்கள். ஒருமுறை 'பரவாயில்லை' என்றதும் நின்றுவிடக் கூடாது. லேசரோ ஊசியோ தேவை என்றால் இரண்டு மூன்று நாளுக்குள் செய்தாக வேண்டும்.

இந்த வசதிக்கு வேலூர்க்காரர்கள் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. பிரசவத்தில் பெண்கள் சாவதைக் கண்டு மருத்துவம் படிக்கப் புறப்பட்ட ஐடா ஸ்கடர் 1902இல் வேலூரில் திறந்த மேரி டேபர் ஷெல் மருத்துவமனைதான் பின்னாளில் சி.எம்.சி.யின் கண் மருத்துவமனையாகப் பெயர் பெற்றது.

காது பரிசோதனையும் உண்டு; மூன்று மாசத்துக்குள் முடித்துவிடுங்கள். தடுப்பூசியைப் பிறந்த தேதிப்படியே போட வேண்டும், குறைமாசம் என்று தள்ளிப்போடக் கூடாது. தலை நிற்பது, குப்புற விழுவது இதற்கெல்லாம் மட்டும் கணக்கு வேறு: 30 வாரத்தில் பிறந்து நாலு மாசம் ஆன குழந்தையை ஒன்றரை மாசக் குழந்தையாகத்தான் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டு அந்த அம்மாவை வாட்டாதீர்கள்.

ராத்திரி மூச்சை எண்ணுகிறவர்களுக்கு

மானிட்டர் சத்தத்துக்குப் பழகிய தாய்க்கு வீட்டின் அமைதிதான் பயம். குறைமாசக் குழந்தை ஐந்து, பத்து விநாடி மூச்சை நிறுத்தி மறுபடி வேகமாக இழுப்பது வழக்கம்தான். இருபது விநாடிக்கு மேல் நின்றாலோ, உடல் நீலம் பாய்ந்தாலோ, நிமிடத்துக்கு 60க்கு மேல் மூச்சு வாங்கினாலோ, விலா உள்ளே குழிந்தாலோ காத்திருக்கக் கூடாது. பால் குடிக்க மறுப்பது, துவண்டு கிடப்பது, வலிப்பு, காய்ச்சல், உள்ளங்கை உள்ளங்காலில் மஞ்சள் ஆகியவற்றுக்கும் இதே விதிதான். 108க்குக் கூப்பிடுங்கள். அரசு மருத்துவமனைகளில் ஒரு வயது வரை நோயுற்ற குழந்தைக்குச் சிகிச்சை இலவசம்.

பிரசவத்துக்குக் குடியாத்தத்தில் தாய்வீடு, புகுந்த வீடு ஆம்பூர் என்றால், இரண்டு ஊர் சுகாதார செவிலியருக்கும், கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த பிக்மி எண்ணைச் சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் அங்கே இருப்பதாக இவரும், இங்கே இருப்பதாக அவரும் நினைத்துக்கொள்வார்கள்.

கம்பெனி லீவு

ஷூ கம்பெனிகளில் தையல் மிஷினில் உட்காருவோரில் பெண்கள் ஏராளம். இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவருக்கு, சந்தா நாட்கள் போதுமான அளவு இருந்தால், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. பலருக்குத் தெரியாதது இதற்கு மேல் இருக்கிறது: குறைப்பிரசவத்தால் வந்த உடல்நலக் குறைவுக்கு மருத்துவச் சான்று இருந்தால் இன்னும் ஒரு மாசம் வரை கேட்கலாம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்த்துவரலாம் என்பதும் சட்டம்தான்.

வீட்டிலேயே உட்கார்ந்து ஷூ தைத்துக் கொடுக்கும் பெண்களுக்கு இதில் எதுவும் இல்லை. ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. பத்தாம் நாளே ஊசி எடுத்துவிடுகிறார்கள். அவர்களுக்குக் கைகொடுப்பது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம். பணமும் பொருளுமாக 18,000 ரூபாய் மதிப்பு, தவணை தவணையாக வரும். தோலையும் பசை டப்பாவையும் குழந்தை படுக்கும் அறையில் மட்டும் வைக்க வேண்டாம்.

டிஸ்சார்ஜ் சீட்டை லேமினேட் செய்யாதீர்கள். டாக்டர் அதில் எடையும் அடுத்த தேதியும் எழுதியாக வேண்டும். அசலை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, நகல் நாலைந்து எடுத்துக்கொண்டால் செவிலியருக்கு ஒன்று, கண் டாக்டருக்கு ஒன்று, கம்பெனி ஆபீசுக்கு ஒன்று கொடுக்கலாம்.