நூலகரும் ஒரு மாணவரே

எர்ணாகுளம் பிராட்வே வழியாக நடந்து செல்லும் நம் குடும்பத்தினரின் கண்ணில் ஒரு மாறுதல் படாமல் இராது. துணிக்கடையாயினும், பாத்திரக்கடையாயினும், மளிகைக்கடையாயினும், கல்லாப்பெட்டியின் முன்னே கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் நிறைந்த அட்டை ஒன்று நிற்கிறது. வாங்க வந்தவர் தம் கைப்பேசியை அதற்கு நேரே காட்டுகிறார். பணம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. பேரேட்டில் வரவு செலவு எழுதியே பழகிய முதிய வணிகரும் இதனைக் கற்றுக்கொண்டு விட்டார். முதலில் அவர் தயங்கியிருக்கலாம். பேரனிடம் இரண்டு மூன்று முறை கேட்டிருக்கலாம். ஆயினும் அதனால் அவருடைய மதிப்புக் குறைந்ததா? சரக்கைத் தொட்டுப் பார்த்துத் தரம் சொல்லும் திறமை அவரை விட்டுப் போயிற்றா? இல்லையே!

இதே நிலைதான் நூல் நிலையங்களில் பணிபுரிவோருக்கும் வந்திருக்கிறது. நூல்களை இனம் பிரித்து அடுக்கவும், அட்டையில் பெயர் எழுதவும், கேட்டவருக்கு எடுத்துக் கொடுக்கவும் பழகியவர்கள் அவர்கள். இன்று அவர்கள் கணினி முன் அமர்ந்து, இணையத்தின் வழியாக அப்பணிகளைச் செய்யவேண்டியிருக்கிறது. 'இந்த வயதில் இது நமக்கு வருமா?' என்று ஒருவர் அஞ்சுவது இயல்பே. அவ்வச்சத்திற்கு விடை தமிழர் ஒருவரின் வாழ்க்கையிலேயே இருக்கிறது.

நூலகத் துறையின் தந்தை என இந்தியா போற்றும் எஸ். ஆர். ரங்கநாதன் 1892-ஆம் ஆண்டு சீர்காழியில் பிறந்தவர். அவர் கற்றதும் கற்பித்ததும் கணிதம். 1924-ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக அமர்ந்தபோது, அத்தொழிலை அவர் அறிந்திருக்கவில்லை. பேசுவதற்கும் ஆளில்லாத அத்தனிமையை விட்டு, வகுப்பறைக்கே திரும்பிவிட விரும்பினார். இங்கிலாந்து சென்று இத்துறையைப் படித்துப் பார்த்தபின் முடிவு செய்யலாம் என்று பெரியோர் கூறவே, கப்பலேறினார். லண்டனில் பாடம் கேட்டார். பல நூல் நிலையங்களை நேரில் பார்த்தார். ஒருநாள் பெரிய கடை ஒன்றில், ஒரே வகைத் துண்டுகளைக் கொண்டு வெவ்வேறு உருவங்களைப் பூட்டிச் செய்யும் குழந்தைகளின் விளையாட்டுப் பொருளைக் கண்டார். ஒரு நூலின் பொருளையும் அவ்வாறே சிறு கூறுகளாகப் பிரித்துச் சேர்க்கலாம் அன்றோ என்னும் எண்ணம் அங்கே பிறந்தது. 1933-ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய கோலன் பகுப்பு முறை அதன் பயனாகும். முப்பது வயதைக் கடந்தபின் புதுத் தொழில் கற்கப் புகுந்தவர் உலகத்திற்கே ஆசிரியரானார்!

அவர் 1931-ஆம் ஆண்டு வகுத்த ஐந்து விதிகளில் ஒன்று, வாசகரின் நேரத்தை வீணாக்கலாகாது என்பது. மற்றொன்று, நூல் நிலையம் வளர்ந்துகொண்டேயிருக்கும் உயிர் போன்றது என்பது. நூல் நிலையம் வளருமாயின், அதைக் காப்பவரும் உடன் வளரத்தானே வேண்டும்?

வளர்வது எப்படி? அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தைச் சேர்ந்த சார்லட் நகரின் பொது நூல் நிலையத்தார் 2006-ஆம் ஆண்டு எளிய வழி ஒன்றைக் கண்டனர். ஹெலீன் பிளவர்ஸ் என்னும் அம்மையார் இருபத்து மூன்று சிறு பயிற்சிகளை வகுத்தார். படத்தை இணையத்தில் ஏற்றுதல், அதற்குக் குறிச்சொல் இடுதல், பலர் கூடி எழுதித் திருத்தும் விக்கிப் பக்கத்தில் தாமும் ஒரு வரி சேர்த்தல் போன்றவை அவை. நாளுக்குக் கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும் என்றார். தவறு செய்தாலும் குற்றமில்லை, விளையாட்டாகப் பழகலாம் என்றார். முடித்தவர்களுக்குப் பாட்டுக் கேட்கும் சிறு கருவி பரிசாக அளிக்கப்பட்டது. பல நாட்டு நூல் நிலையங்கள் அம்முறையைத் தம் ஊழியர்களுக்கும் கைக்கொண்டன. கருவிகள் அதன்பின் எத்தனையோ மாறிவிட்டன. நாளுக்குச் சிறிது என்னும் அம்முறை மட்டும் பழசாகவில்லை.

கருவியை விலை கொடுத்து வாங்கப் பொருள் வேண்டுமே என்று சிலர் கேட்கலாம். நியூசிலாந்தில் ஹோரோவெனுவா என்னும் சிறு வட்டாரத்து நூல் நிலையத்தாருக்கும் அக்கவலை இருந்தது. அவர்களுடைய பழைய கணினி முறை 2000-ஆம் ஆண்டு பிறந்தவுடன் தடுமாறிவிடும் என்ற நிலையில், புதிய மென்பொருள் ஒன்றைச் செய்வித்து, எல்லோரும் இலவசமாகப் பயன்படுத்துமாறு திறந்துவிட்டனர். அதற்குக் 'கோஹா' என்று பெயர். மாவோரி மொழியில் அச்சொல்லுக்குக் காணிக்கை என்பது பொருள். இன்று கேரளத்திலும் பல கல்லூரி நூல் நிலையங்களில் அது வேலை செய்கிறது. அத்தகைய இணையப் பட்டியல் இருக்குமிடத்தில், மட்டாஞ்சேரியில் வீட்டில் இருப்பவர், வேண்டிய நூல் எர்ணாகுளத்தில் உள்ளதா என்று அறிந்துகொண்டே படகேறலாம். வாசகரின் நேரம் இவ்வாறு மிஞ்சுகிறது.

இனி, தமிழ்க் குடும்பத்தார் சிறப்பாகக் கவனிக்கவேண்டிய செய்திக்கு வருவோம். மலையாளமும் ஆங்கிலமும் மட்டுமே அறிந்த நூலகர் ஒருவரின் மேசைக்குத் தமிழ் நூல் ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் ஆங்கில எழுத்தில் பெயரைப் பதிவு செய்கிறார். புதுமைப்பித்தன் என்னும் பெயரை ஆங்கிலத்தில் எழுத எத்தனை வழிகள்! நடுவில் வரும் 'து'வுக்கு ஒருவர் 'டி' போடுவார். மற்றொருவர் அதனுடன் 'எச்' சேர்ப்பார். அறிஞர் முறைப்படி எழுதுவோர் 'தி' ஒலிக்குரிய வேறு எழுத்தை இடுவர். தி. ஜானகிராமனை ஒருவர் ஒற்றை எழுத்தால் குறிப்பார். இன்னொருவர் மூன்று எழுத்துகளால் குறிப்பார். தேடுகிறவர் ஒரு வகையில் எழுத, பட்டியலில் வேறு வகையில் இருக்குமாயின், 'அந்நூல் இல்லை' என்றே பெரும்பாலும் கணினி சொல்லும். நூலோ அலமாரியில் தூசி படிந்து கிடக்கும். பிழையாகப் பதிந்த நூல் தொலைந்த நூலே ஆகும்.

இதற்கு மருந்து, நூலின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் தமிழ் எழுத்திலேயே பதிவு செய்து, ஆங்கில வடிவத்தையும் உடன் சேர்ப்பதாகும். முற்காலத்துத் தமிழ் எழுத்துருக்கள் ஒன்றுக்கொன்று ஒவ்வாதவை. ஒரு கணினியில் தமிழாகத் தெரிந்தது மற்றொன்றில் பொருளற்ற குறிகளாய்ச் சிதறியது. ஒருங்குறி வந்தபின் அத்தொல்லை தீர்ந்தது. 1991-ஆம் ஆண்டின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு அதில் இடம் கிடைத்தது. தமிழ்நாட்டு அரசும் 2010-ஆம் ஆண்டு அதனை ஏற்றது. ஆகவே வழி திறந்தே இருக்கிறது. வேண்டுவது தட்டச்சு செய்யும் விரலும், எழுத்தறிந்த கண்ணுமே.

இவ்விரண்டும் கூடினால் என்ன ஆகும் என்பதற்கு யாழ்ப்பாணம் சான்று. ரங்கநாதனின் ஆலோசனையையும் பெற்று எழுப்பப்பட்டு 1959-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூல் நிலையம், 1981-ஆம் ஆண்டு தீக்கிரையாக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன என்பர். அந்த வேதனையை அறிந்த மக்களிடையே, 2005-ஆம் ஆண்டு 'நூலகம்' என்னும் இணையத்தளம் தோன்றியது. தாயகத்திலும் அயல் நாடுகளிலும் இருந்த அன்பர்கள் இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்வடிவாக்கி, பெயர் பதிந்து, யாரும் படிக்குமாறு வைத்து வருகின்றனர். சார்லட் நகர ஊழியர்கள் விளையாட்டாகப் பழகிய அதே விக்கி முறையில்தான் அத்தளமும் அமைந்திருக்கிறது! ஓரிடத்தில் பயிற்சிப் பாடமாக இருந்தது, மற்றோரிடத்தில் ஒரு சமூகத்தின் நினைவைக் காக்கும் கருவியாயிற்று.

கொச்சியில் வாழும் நம் வீடுகளிலும் தாத்தா கொண்டுவந்த நூல்கள் பரண்மேல் இருக்கின்றன. நம் பிள்ளைகளில் பலர் தமிழ் பேசுவர், ஆனால் படிக்கமாட்டார். பெரியவர் மறைந்தபின் அந்நூல்கள் பழைய காகிதமாக எடைக்குப் போவதைத் தடுப்பவர் யார்? நூலகர் ஒருவரால் மட்டும் இது முடியாது. அவர் புதிய கருவியைக் கற்கிறார். ஆனால் 'ழ'வையும் 'ள'வையும் வேறுபடுத்திக் காட்ட நாம் அருகில் இருக்கவேண்டும்.

ஆகவே, அன்பர்களே, வாரத்தில் ஒருநாள் ஒரு மணி நேரம் அருகிலுள்ள நூல் நிலையத்திற்கோ வாயனசாலைக்கோ செல்லுங்கள். தமிழ் நூல்களைப் பதிவு செய்ய உதவலாமா என்று கேளுங்கள். தமிழ் படித்த மூதாட்டி பெயர்களை வாசிக்கட்டும். கணினி அறிந்த பேத்தி தட்டச்சு செய்யட்டும். பேத்திக்கு எழுத்து வரும். பாட்டிக்குக் கணினி வரும். நூலகருக்குத் தமிழ் வரும். மூவரும் மாணவராக அமரும் அம்மேசையில், பரண்மேல் உறங்கிய ஒரு நூல் தன் வாசகரை மீண்டும் அடையும்.