ஜி.ஆர்.இ. எழுத்துப் பகுதியில் குறைந்த மதிப்பெண்ணும் முதுநிலைச் சேர்க்கையும்

ஜி.ஆர்.இ. என்பது அமெரிக்காவின் ஈ.டி.எஸ். நிறுவனம் நடத்தும் தேர்வு ஆகும். வெளிநாட்டில் முதுநிலை, முனைவர் படிப்புகளில் சேர விரும்புவோர் இதனை எழுதுகின்றனர். மொழித்திறன், கணிதத்திறன் பகுதிகளுக்கு 130 முதல் 170 வரை மதிப்பெண் உண்டு. பகுப்பாய்வு எழுத்து என்னும் பகுதிக்கு 0 முதல் 6 வரை தனியே வழங்கப்படும். மற்ற இரண்டுடன் கூட்டப்படுவதில்லை. முன்பு இதில் இரண்டு கட்டுரைகள் இருந்தன. 2023 செப்டம்பர் முதல் ஒரே கட்டுரை, 30 நிமிடம். மதிப்பீட்டாளர் ஒருவரும் கணினி நிரல் ஒன்றும் அதனைத் திருத்துவர். சிறு இலக்கணப் பிழைகளைவிட, கருத்தைக் காரணத்தோடும் சான்றோடும் நிறுவும் திறனே முதன்மையாகப் பார்க்கப்படுகிறது.

சேலம், நாமக்கல் மாவட்டங்களிலிருந்து செல்லும் பொறியியல் மாணவர்களில், கணிதத்தில் 165க்கு மேல் பெற்று எழுத்தில் 3 அல்லது அதற்கும் கீழே நிற்பவர்களைக் கண்டிருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்குப் பெயர்பெற்ற வட்டாரம் இது. வழிகாட்டி நூலில் உள்ள நான்கைந்து பொதுக்கட்டுரைகளை மனப்பாடம் செய்தால் ஆங்கிலத் தாளில் தேறிவிடலாம். ஆசிரியராக நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். ஜி.ஆர்.இ.யில் அந்த முறை உதவாது. ஒரு கூற்றைக் கொடுத்து, அதை எந்த அளவுக்கு ஏற்கிறீர்கள், எந்தச் சூழலில் அது பொருந்தாது என்று கேட்பார்கள். பிறர் எழுதியதோடு பெரிதும் ஒத்துப்போகும் கட்டுரையின் மதிப்பெண்ணை ஈ.டி.எஸ். ரத்து செய்யவும் கூடும்.

குறைந்த மதிப்பெண்ணால் என்ன ஆகும்? பொறியியல், கணினி அறிவியல் துறைகளில் பெரும்பாலும் அது மட்டுமே விண்ணப்பத்தைத் தள்ளிவிடாது. கணித மதிப்பெண், கல்லூரி மதிப்பெண், பரிந்துரைக் கடிதங்கள் ஆகியவையே முன்னே நிற்கும். வரலாறு, அரசியல், ஆங்கிலம் போன்ற துறைகளில் எழுதுவதே வேலை என்பதால் கணக்கு மாறும். சில துறைகள் குறைந்தபட்ச மதிப்பெண்ணையும் குறிப்பிடுகின்றன. பல துறைகள் இப்போது ஜி.ஆர்.இ.யே கேட்பதில்லை, பணம் கட்டுமுன் துறையின் இணையப் பக்கத்தைப் பார்த்துவிட வேண்டும்.

பலர் கவனிக்காத சிக்கல் ஒன்று உண்டு. எழுத்தில் 2.5 பெற்ற மாணவரின் நோக்க அறிக்கை மட்டும் பளபளப்பான ஆங்கிலத்தில் இருந்தால், அதை அவர்தான் எழுதினாரா என்ற ஐயம் சேர்க்கைக் குழுவுக்கு எழும். நம் ஊர்களில் இந்த அறிக்கையைப் பணம் கொடுத்து எழுதி வாங்குவது புதிதல்ல. எளிய ஆங்கிலத்தில் தானே எழுதிய அறிக்கை இங்கே பாதுகாப்பானது. தன் திட்டப்பணியில் என்ன செய்தார், எங்கே தவறியது என்று நேராகச் சொன்னாலே போதும்.

ஐ.இ.எல்.டி.எஸ். எழுத்து மதிப்பெண்ணை இதனோடு குழப்பக் கூடாது. அங்கே ஒவ்வொரு பகுதிக்கும் குறைந்தபட்சம் வைக்கும் பல்கலைக்கழகங்கள் பல. எழுத்தில் அரைப் புள்ளி குறைந்தாலும் இடம் கைநழுவலாம்.

ஜி.ஆர்.இ.யை 21 நாள் இடைவெளியில், 12 மாதங்களில் ஐந்து முறை வரை எழுதலாம். ஆனால் எழுத்துப் பகுதியை மட்டும் தனியே எழுத முடியாது; முழுத் தேர்வுக்கும் மீண்டும் கட்டணம். கணிதமும் மொழியும் நன்றாக இருந்து எழுத்து 3 என்றால், பொறியியல் மாணவர் மறுதேர்வுக்குச் செலவிட வேண்டியதில்லை என்பது என் கருத்து. எழுதத்தான் வேண்டுமென்றால், கட்டுரைத் தலைப்புகள் அனைத்தையும் ஈ.டி.எஸ். தன் தளத்தில் இலவசமாக வெளியிட்டுள்ளது. கணினியில் பிழைதிருத்தியை அணைத்துவிட்டு, 30 நிமிடம் வைத்துத் தட்டச்சு செய்து பழகலாம். தேர்வுத் திரையிலும் பிழைதிருத்தி கிடையாது.