நாயோடு தீவுக்கு: வாய்ப்பேச்சை நம்பிக் கிளம்பாதீர்கள்

லட்சத்தீவுக்கு நாயைக் கொண்டுபோக முடியாது. பெர்மிட், டிக்கெட், தடுப்பூசி அட்டை எல்லாம் கையில் இருந்தாலும் முடியாது. மாலத்தீவிலும் அப்படித்தான், நாயை நாட்டுக்குள் இறக்குவதற்கே தடை. மே மாதம் பிள்ளைகளுக்கு லீவு, பெங்களூரு போய் விமானம் ஏறினால் போதும், வீட்டு நாய்க்கும் கடலைக் காட்டிவிட்டு வரலாம் என்று காவேரிப்பட்டினத்திலோ ஓசூரிலோ உட்கார்ந்து திட்டம் போடுகிறவர்கள் முதலில் இந்த இரண்டு பெயர்களையும் அடித்துவிடலாம்.

இதில் கோபப்பட ஒன்றுமில்லை. வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தெரிந்த பிறகு பிழைத்தவர்கள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். இந்தியாவில் அந்த நோய் இல்லாத பகுதிகள் என்று அரசின் வெறிநோய்த் தடுப்புத் திட்டம் குறிப்பிட்டுவந்திருப்பது லட்சத்தீவையும் அந்தமான் நிக்கோபாரையும்தான். கடல் சூழ்ந்த இடத்தில் நோயை நுழையவிடாமல் தடுப்பது எளிது, நுழைந்துவிட்டால் விரட்டுவது பெரும்பாடு. இலங்கைக்கு நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் விடுகிறார்களே என்று கேட்கலாம். அங்கே இறக்க அந்த நாட்டு அனுமதி வேண்டும். திரும்பி வரும்போது உங்கள் சொந்த நாயை இந்தியாவுக்குள் கொண்டுவர, விலங்குத் தனிமைப்படுத்தல் துறையின் தடையில்லாச் சான்று வேண்டும். நாலு நாள் சுற்றுலாவுக்கு அந்த அலைச்சல் கட்டுபடியாகாது.

மிச்சம் அந்தமானும் நம் ராமேஸ்வரமும்.

அந்தமானுக்கு விமானத்தில் போவதென்றால், போர்ட் பிளேர் என்ற பெயர் 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டதைக் கவனத்தில் வைத்துக்கொண்டு தேடுங்கள். இண்டிகோ செல்லப் பிராணிகளை ஏற்றுவதில்லை. ஏர் இந்தியாவும் ஆகாசாவும் ஏற்றுகின்றன. கூண்டோடு சேர்த்து எத்தனை கிலோ வரை உங்கள் இருக்கைக்கு அருகில் வைத்துக்கொள்ளலாம், எதற்கு மேல் சரக்கு அறைக்குப் போகும் என்ற வரம்பை அவ்வப்போது மாற்றுகிறார்கள். அதனால் பக்கத்து வீட்டுக்காரர் போன வருஷம் சொன்ன கணக்கை நம்ப வேண்டாம், டிக்கெட் எடுக்குமுன் மின்னஞ்சலில் கேட்டு பதிலை வைத்துக்கொள்ளுங்கள். பக், புல்டாக் மாதிரி சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுப்பாதையே குறுகல். பல நிறுவனங்கள் அவற்றைச் சரக்கு அறையில் ஏற்றவே மாட்டா. ஏற்றுகிறோம் என்று யாராவது சொன்னாலும் நீங்கள் ஏற்றாதீர்கள். விமானத்தோடு முடிவதும் இல்லை. தீவுக்குத் தீவு போகும் படகிலும், கால்நடைத் துறையிலும், தங்கும் விடுதியிலும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். உப்புநீர் முதலை இருக்கும் கரைகளும் அங்கே உண்டு. 2010-ல் ஹேவ்லாக் தீவில் கடலில் இறங்கிய அமெரிக்கப் பெண் ஒருவர் முதலைக்குப் பலியானார். எச்சரிக்கைப் பலகை இருக்கும் கரையில் நாயை அவிழ்த்துவிடக் கூடாது.

இவ்வளவும் படித்துவிட்டு “பேசாமல் ராமேஸ்வரம் போவோம்” என்றுதான் பெரும்பாலான குடும்பங்கள் முடிவுக்கு வரும். அதுவும் தீவுதானே. காரை எடுத்தால் சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை வழியாகச் சுமார் 500 கிலோமீட்டர். பாம்பன் சாலைப் பாலத்தில் நாய்க்கு யாரும் சீட்டு கேட்கப் போவதில்லை. ஆனால் ஆபத்து அதிகம் இருப்பதும் இந்தப் பயணத்தில்தான், ஏனென்றால் கேள்வி கேட்க ஆளில்லாத இடத்தில் நாமும் யோசிப்பதில்லை.

அக்னி தீர்த்தத்தில் முழுகி, கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடி, ஈரத்துணி மாற்றி, தரிசனம் முடித்து வெளியே வர எத்தனை நேரம் ஆகும்? கூட்டமில்லாத நாளிலேயே இரண்டு மணி நேரம் போய்விடும். நாயைக் கோயிலுக்குள் விட மாட்டார்கள். “வண்டியிலேயே இருக்கட்டும், கண்ணாடியை ரெண்டு விரல் இறக்கி விட்டா போதும்” என்று யாராவது சொல்வார்கள். போதாது. வெயிலில் நிற்கும் மூடிய காருக்குள் முதல் பத்து நிமிடத்திலேயே சுமார் பத்து டிகிரி ஏறிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்குவதால் பெரிய மாற்றம் வராது. நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய் நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். கடற்கரைக் காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதால் அந்த மூச்சிரைப்பும் சரியாக வேலை செய்யாது. ஓசூர்க் குளிரில் வளர்ந்த நாய், அதிலும் ஹஸ்கி மாதிரி அடர்ந்த முடி உள்ளது என்றால் கேட்கவே வேண்டாம்.

நிற்காத மூச்சிரைப்பு, கெட்டியாக ஒழுகும் எச்சில், அடர்சிவப்பாக மாறும் ஈறு, தள்ளாட்டம், வாந்தி. இவற்றில் எதைப் பார்த்தாலும் நிழலுக்குத் தூக்கிப்போய், சாதாரணத் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி, விசிற வேண்டும். ஐஸ் கட்டியில் அமுக்க வேண்டாம். உடம்பு கொஞ்சம் குளிர்ந்ததும் கால்நடை மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். கோயிலுக்குப் போகும் குடும்பத்தில் ஒருவர் நாயோடு நிழலில் இருக்க வேண்டும், முறைபோட்டுத் தரிசனம் செய்யலாம். ஆள் இல்லையென்றால் நாயைக் கூட்டிப்போகக் கூடாது. பூட்டிய காரில் தவிக்கும் நாயை வேறு யாருடைய வண்டியில் பார்த்தாலும் 112-க்குச் சொல்லலாம். 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவில், தேவையில்லாத துன்பம் தரும்படி பிராணியைக் கொண்டுபோவது குற்றம். முதல் முறைக்கு அபராதம் பத்து முதல் ஐம்பது ரூபாய். பார்க்கிங் கட்டணத்தைவிடக் குறைவு என்று சிரிப்பு வரும். சட்டத்தின் பலவீனம் அது, உங்கள் நாய்க்கு அதனால் லாபமில்லை.

தனுஷ்கோடியில் இன்னொரு கதை. 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊருக்கும் அதைத் தாண்டி அரிச்சல்முனைக்கும் இப்போது தார் ரோடு போகிறது. இரண்டு பக்கமும் கடல், நடுவில் மணல், நிழல் என்று எதுவும் கிடையாது. உச்சிவேளை மணலில் புறங்கையை ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது. வலையிலிருந்து கழித்துப் போட்ட மீன்கள் கரையில் கிடக்கும். அதில் பேத்தை மீனும் இருக்கலாம், அதன் நஞ்சு சிறிதளவே ஆளைக் கொல்லப் போதும். கரை ஒதுங்கிய சொறி மீனை மோந்தால் மூக்கும் வாயும் வீங்கும். தாகத்தில் கடல் தண்ணீரைக் குடித்தால் வாந்தி, பேதி. பங்குனி ஆமைகள் முட்டையிடும் கரையும் இதுதான். நாய் ஒரு கூட்டைத் தோண்டினால் அந்த வருஷத்து முட்டைகள் நூறுக்குமேல் போச்சு. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் ஊர்வனவற்றின் முட்டையைச் சேதப்படுத்துவதும் வேட்டையாடுவதாகவே கணக்கு. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் அனுமதியில்லாமல் மனிதர்களே இறங்கக் கூடாது, நாயோடு படகில் சுற்றிக் காட்டுகிறேன் என்று யாராவது கூப்பிட்டால் மறுத்துவிடுங்கள்.

வண்டிக்குள் இருக்கும் ஆபத்தை மறந்துவிட்டேன். நம் ஊர் நிப்பட்டுப் பொட்டலத்தைப் பிரித்ததும் பின்சீட்டில் இருக்கும் பிள்ளை நாய்க்கும் ஒன்று நீட்டும். பூண்டு, மிளகாய், உப்பு எதுவும் அதற்கு ஆகாது. அதைவிட மோசம் மாங்கொட்டை. சீசனில் சப்பிப் போட்ட கொட்டையை விழுங்கி, குடல் அடைத்து, ஆபரேஷன் வரை போகும்.

ரயிலில் போக நினைத்தால், காவேரிப்பட்டினத்திலோ கிருஷ்ணகிரியிலோ ஸ்டேஷன் இல்லை. தருமபுரி, ஓசூர், ஜோலார்பேட்டை என்று எங்கேயாவது போய்த்தான் ஏற வேண்டும். ஏ.சி. முதல் வகுப்பில் இரண்டு படுக்கைக் கூபேயையோ நாலு படுக்கைக் கேபினையோ முழுவதுமாக நீங்களே எடுத்தால் நாயை உடன் வைத்துக்கொள்ளலாம். ஏ.சி. டூ டயர், த்ரீ டயர், சேர் கார், ஸ்லீப்பர் எதிலும் கூடாது. பிடிபட்டால் லக்கேஜ் கட்டணத்தைப்போல ஆறு மடங்கு. மற்ற வழி, கார்டு வேனில் உள்ள நாய்ப் பெட்டி. பார்சல் ஆபீஸில் முன்பதிவு செய்து, பயணத்துக்கு ஒன்றிரண்டு நாளுக்குள் கால்நடை டாக்டரிடம் வாங்கிய உடல்தகுதிச் சான்றைக் காட்ட வேண்டும். நாய்க்கு ஏதாவது ஆனால் ரயில்வே தருவது பெயரளவுத் தொகைதான். கூடுதலாகக் கேட்கும் உரிமை வேண்டுமென்றால், புக் செய்யும்போதே மதிப்பை எழுதிக் கொடுத்து அதற்கான சதவீதக் கட்டணம் கட்டியிருக்க வேண்டும். கவுன்ட்டரில் யாரும் இதைத் தானாகச் சொல்வதில்லை.

எந்த வழியில் போனாலும், கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னாலாவது வெறிநாய்த் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். ஊசி போட்ட மறுநாளே எதிர்ப்பு சக்தி வந்துவிடாது. 1978-ஆம் ஆண்டு விலங்குப் போக்குவரத்து விதிகளில் நாய்க்கும் பூனைக்கும் தனி அத்தியாயமே இருக்கிறது. உடல்தகுதிச் சான்று கட்டாயம், புறப்படக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பே சாப்பாடும் தண்ணீரும் கொடுத்திருக்க வேண்டும், நிறைமாதச் சினையில் கொண்டுபோகக் கூடாது. கழுத்துப்பட்டையில் உங்கள் கைப்பேசி எண் இருக்கட்டும். பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து தெருநாய்களை அகற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் உத்தரவு போட்டிருக்கிறது. பட்டை இல்லாமல் கை நழுவி ஓடிய நாயைத் தெருநாய் என்று பிடித்துப்போனால் யாரைக் குறை சொல்வது? திருட்டு என்று சந்தேகம் இருந்தால் போலீஸில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். சட்டத்தின் கண்ணில் வளர்ப்பு நாய் உங்கள் அசையும் சொத்து, எடுத்துப்போனால் திருட்டுதான்.

உங்கள் நாய் யாரையாவது கடித்துவிட்டால் மழுப்பாதீர்கள். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவச் சொல்லி, அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள், ஊசி அங்கே இலவசம். தடுப்பூசி அட்டையைக் காட்டுங்கள், பத்து நாள் நாயைக் கண்காணிப்பில் வையுங்கள். பிராணியை அஜாக்கிரதையாக விடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இனி விடுதிச் சண்டை. போனில் “நாய் வரலாம் சார்” என்பார்கள், அட்வான்ஸ் வாங்குவார்கள், ராத்திரி போய் இறங்கினால் “ஓனர் ஒத்துக்கல” என்பார்கள். நாயை ஏற்றே ஆக வேண்டும் என்று எந்த விடுதியையும் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் ஏற்கிறேன் என்று பணம் வாங்கிவிட்டு மறுத்தால் அது சேவைக் குறைபாடு. அதனால் நாயின் இனம், எடை, அறைக்குள் இருக்கலாமா, கூடுதல் கட்டணம் எவ்வளவு என்பதை வாட்ஸ்அப்பில் கேட்டு பதில் வாங்குங்கள். பணத்தை யு.பி.ஐ.யில் அனுப்புங்கள். மறுத்தால் அங்கேயே எழுத்தில் காரணம் கேளுங்கள், வேறு இடத்தில் தங்கிய பில்லை வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் 1915 நுகர்வோர் உதவி எண். அதில் தீரவில்லை என்றால் நோட்டீஸ் அனுப்பிவிட்டு வழக்கு. ராமேஸ்வரத்துக்கோ அந்தமானுக்கோ அலைய வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட இடம் தருகிறது, காவேரிப்பட்டினத்துக்காரருக்குக் கிருஷ்ணகிரி நுகர்வோர் ஆணையம் போதும். கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

வீட்டிலேயே விட்டுப்போவதும் ஒரு வழிதான், பல நாய்களுக்கு நல்ல வழியும் அதுவே. ஆனால் நாலு நாளும் கொல்லையில் கட்டிப்போட்டுச் சோற்றை மட்டும் வைக்கச் சொல்லாதீர்கள். எப்போதும் கட்டிவைத்த நாயை நடக்கவிடாமல் இருப்பதையும் அந்த 11-வது பிரிவு தனியாகக் குற்றம் என்கிறது. பார்த்துக்கொள்ளும் அக்காவிடம் சாவியோடு தடுப்பூசி அட்டையையும் உங்கள் கால்நடை டாக்டரின் எண்ணையும் கொடுங்கள். டாக்டர் கிடைக்காவிட்டால் கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.