‘அந்த நாள்’: யாருடைய நாட்டுக்குத் துரோகம்?

படம் தொடங்கிய சில கணங்களிலேயே கதாநாயகன் சுடப்பட்டு வீழ்கிறான். 1954ஆம் ஆண்டு ஏ.வி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட ‘அந்த நாள்’ இவ்வாறு ஆரம்பித்ததே தமிழ்ப் படவுலகுக்குப் புதுமைதான். பாட்டு இல்லை, நடனமும் இல்லை. இயக்கியவரோ வீணை வித்துவான் எஸ். பாலசந்தர்! இந்த வேடிக்கையை எண்ணி நகைக்காமல் இருக்க முடியவில்லை.

1943 ஒக்டோபர் 11ஆம் திகதி சென்னையில் ஜப்பானியர் குண்டு வீசிய சமயமே கதையின் களம். இறந்தவன் ராஜன் என்னும் வானொலிப் பொறியியலாளன். ‘பராசக்தி’யால் புகழ்பெற்றிருந்த சிவாஜி கணேசன் இந்த வேடத்தை ஏற்றது துணிச்சலான காரியம். துப்பறிய வரும் சிவானந்தம், அயலவர், தம்பி, தம்பி மனைவி, ஆசைநாயகி, மனைவி எனப் பலரையும் விசாரிக்கிறார். ஒவ்வொருவர் வாக்குமூலத்திலும் ராஜன் வேறொரு மனிதனாகத் தோன்றுகிறான். குரோசாவாவின் ‘ராஷோமான்’ இங்கே நினைவுக்கு வருவது இயல்பு. பெண்களின் சொல்லும் ஆண்களின் சொல்லும் ஒரே தராசில் நிறுக்கப்படுவது அக்காலத்தில் அரிது. ஆயினும், ஆசைநாயகி அம்புஜம் பழைய வார்ப்பிலிருந்து அதிகம் விலகவில்லை. துறைமுகக் கூலியாளுக்கோ, அச்சத்தால் நகரைவிட்டு ஓடிய ஏழைக்கோ இந்தச் சாட்சிக் கூண்டில் இடமில்லை.

இனி அரசியலுக்கு வருவோம். தன் ஆராய்ச்சியைத் தாய்நாடு மதிக்கவில்லை என்ற மனக்கசப்பில் ராஜன் ஜப்பானியருக்கு இரகசியங்களை விற்கிறான். அவனைக் கொன்றது மனைவி உஷாவின் கையிலிருந்த துப்பாக்கி. பண்டரிபாய் அந்தப் பாத்திரத்துக்கு உயிர் தந்திருக்கிறார். ஆனால், 1943இல் அந்த நாடு யாருடையது? சென்னையில் குண்டு விழுந்து பத்தே நாட்களில், ஒக்டோபர் 21இல், சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசைப் பிரகடனம் செய்தார். மலாயாத் தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளர் பலர் அவர் படையில் சேர்ந்தனர். ஜான்சி ராணிப் படையில் பெண்களும் துப்பாக்கி ஏந்தினர். ஜப்பானியர் அவர்களுக்குத் துணைவர்கள். ராஜனைத் தன்னலக்காரனாக்கியதன் மூலம் படம் இந்தச் சிக்கலிலிருந்து நழுவிக் கொள்கிறது. போஸின் நம்பிக்கை உடையவனாக அவன் நின்றிருந்தால், உஷாவின் வழக்கு எவ்வளவு கடினமாகியிருக்கும்! அந்தப் படத்தையே நான் பார்க்க விரும்புகிறேன்.

புத்தளத்தில் வாழும் நமக்கு இது அயலூர்ச் சங்கதியன்று. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பில் ஜப்பானியக் குண்டு விழுந்தது. அந்தப் போர்க்காலத்திலேயே பிரித்தானியக் கடற்படை இங்கு விமானத்தளம் ஒன்றை நடத்தியது. அதற்கு அவர்கள் சூட்டிய பெயர் ‘ராஜாளியா’, தமிழிலும் ராஜாளிதானே. போர்விமானங்களை யானைகள் இழுத்துச் செல்லும் புகைப்படங்கள் இன்றும் காணக்கிடைக்கின்றன. உப்பளத்திலும் களப்பிலும் உழைத்த முஸ்லிம்களையும் தமிழரையும் சிங்களவரையும், இது யாருடைய போர் என்று எவரும் கேட்டதில்லை. அந்த யானைப் பாகர்களிடம் வாக்குமூலம் வாங்க எந்தச் சிவானந்தமும் வரவில்லை.