தண்ணியை உதறித் தள்ளும் மண்: அதை எப்படி அளப்பது?

காய்ஞ்ச மண்ணில் தண்ணி ஊத்தினா உடனே குடிச்சிடும்னுதான் நாம எல்லாரும் நம்பறோம். மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மணல் நிலங்களில் இந்த நம்பிக்கை செல்லாது. அங்கே ஏப்ரல், மே மாத மழையை நம்பித்தான் கோதுமை விதைப்பு. நல்ல மழை பெய்து ஓய்ந்த பிறகும் மேல்மண்ணை விலக்கிப் பார்த்தால் பொலபொலவென்று காய்ந்து கிடக்கும். தண்ணீர் ஆங்காங்கே விரல் விரலாகச் சில தடங்களில் மட்டும் இறங்கியிருக்கும். தடத்தில் விழுந்த விதை முளைக்கும். பக்கத்தில் விழுந்தது சும்மா கிடக்கும். ஒரே வயலில் பாதி பயிர், பாதி பொட்டல்.

காரணம் மெழுகு. இலை, வேர், சருகு மட்கும்போது வெளிவரும் மெழுகுப் பொருள்கள் மணல் துகளின் மேல் படிகின்றன. மணல் துகள் பெரிது. அதனால் ஒரு கிலோ மணலின் மொத்தப் பரப்பு ரொம்பக் குறைவு. கொஞ்சம் மெழுகே முழுசாகப் பூசப் போதும். களிமண்ணுக்கு அதே அளவு மெழுகு எந்த மூலைக்கும் காணாது.

சரி, அளப்பது எப்படி? கருவி என்று பார்த்தால் ஒரு டிராப்பரும் கைக்கடிகாரமும்தான்! சலித்த மண்ணைச் சமப்படுத்தி, மேலே சில சொட்டு சுத்தமான தண்ணீர் விட்டு, அது மறையும் நேரத்தைக் குறிக்க வேண்டும். 5 விநாடிக்குள் மறைந்தால் நல்ல மண். ஒரு நிமிடம் வரை லேசான எதிர்ப்பு, 10 நிமிடம் வரை வலுவானது, ஒரு மணி நேரம் வரை கடுமையானது. அதையும் தாண்டி முத்து மாதிரி உட்கார்ந்திருந்தால் உச்சம்.

ஆனா இந்தச் சோதனை சொல்வது எதிர்ப்பு எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் என்பதைத்தான். அது எவ்வளவு வலுவானது என்பது வேறு கேள்வி. அதற்கு எத்தனால் கலந்த தண்ணீர். தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்குச் சுமார் 72 மில்லிநியூட்டன். எத்தனாலுக்குச் சுமார் 22. எத்தனால் கூடக் கூட சொட்டு தளர்ந்து, மெழுகு பூசிய துகள் மேலும் பரவத் தொடங்கும். செறிவைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டே போய், 10 விநாடிக்குள் உள்ளே இறங்கும் முதல் கலவை எது என்று பார்க்கிறார்கள். அந்தச் செறிவுதான் மண்ணின் மதிப்பெண். சொட்டுக்காக மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டாம் என்பதால் எனக்கு இதுதான் பிடிக்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இந்த எதிர்ப்பு மண்ணின் ஈரத்தைப் பொறுத்து வந்து போகும். மழைக்காலத்தில் எடுத்த அதே மண் சொட்டைச் சட்டென்று விழுங்கி, 'எனக்கு ஒண்ணுமில்லையே' என்று நிற்கும். அதனால் உலர்த்தித்தான் சோதிக்க வேண்டும். அதற்காக அடுப்பில் 105 டிகிரியில் வைத்தால், அந்தச் சூடே மெழுகை இடம் மாற்றி முடிவைக் குழப்பிவிடலாம். எந்த வெப்பத்தில் உலர்த்தியது என்று எழுதாத எண்ணை இன்னொருவர் எண்ணோடு ஒப்பிடவே கூடாது.

அந்த விவசாயிகள் என்ன செய்கிறார்கள்? சிலர் விதைச் சாலில் சோப்பு போல வேலை செய்யும் நனைப்பான் தெளிக்கிறார்கள். சிலர் அடியிலுள்ள களிமண்ணைத் தோண்டி வயல் முழுக்கப் பரப்பிக் கலக்கிவிடுகிறார்கள். ஹெக்டேருக்கு டன் கணக்கில் மண் சுமக்கும் வேலை, செலவு பிடிக்கும். அதற்குப் பணம் போடுவதற்கு முன்னால்தான், வயலின் எந்த மூலையில் எவ்வளவு எதிர்ப்பு என்று இந்தச் சொட்டுகளை விட்டுப் பார்க்கிறார்கள்.