டேங்க் கழுத்தில் ஒரு குழல்

மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்தால், பல வண்டிகளில் வாயிலிருந்து ஓரிரு அங்குலம் உள்ளே இறங்கி நிற்கும் தகட்டுக் குழல் ஒன்று தென்படும். பெட்ரோல் போட இடைஞ்சல் என்று நெடும்பயணக்காரர்கள் சிலர் அறுத்தெடுப்பதும் துளையிடுவதும் இக்குழலைத்தான். மணாலியிலிருந்து லே செல்லும் வழியில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று தாண்டி என்னும் ஊரில் நெடுங்காலம் நின்ற அறிவிப்புப் பலகையைக் கண்டவர்கள், கூடுதலாக அரை லிட்டர் கொள்ளாதா என்று ஏங்குவது இயல்பே.

தண்ணீரில் நேராகக் கவிழ்த்து அமுக்கிய டம்ளருக்குள் காற்று சிக்கி நிற்பது போல, பெட்ரோல் குழலின் கீழ்விளிம்பைத் தொட்டதும், டேங்கின் கூரைக்கு அடியில் குழலைச் சுற்றியுள்ள காற்று வெளியேற வழியின்றித் தங்கிவிடுகிறது. அதன்பின் ஊற்றும் பெட்ரோல் குறுகிய குழலுக்குள் மட்டும் விறுவிறுவென ஏறி, நாசில் முனையில் காற்றை உறிஞ்சும் சிறு துளையை அடைத்துவிட, நாசில் 'டக்'கென்று நின்றுவிடுகிறது.

இது வடிவமைப்பின் குறை அன்று. அந்தக் காலி இடத்தை ஒதுக்கி வைக்கவே குழல் அமைந்தது. நிலத்தடித் தொட்டியின் குளிர்ச்சியிலிருந்து வரும் பெட்ரோல், வெயிலிலும் எஞ்சின் சூட்டிலும் 10 பாகை வெப்பம் ஏறினால் ஏறக்குறைய ஒரு விழுக்காடு விரிவதால், விளிம்புவரை நிரப்பிய 15 லிட்டர் டேங்கில் 20 பாகை ஏற்றம் கால் லிட்டருக்கும் மேலாக வெளியே தள்ளும். அது மூடியின் காற்றுத்துளை வழியே சூடான எஞ்சின்மீது வழியலாம். 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 மாசுக்கட்டுப்பாட்டு விதிக்கேற்ற வண்டிகளிலோ, பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கரிக்கலத்துக்குள் திரவமாகவே புகுந்து அதைக் கெடுக்கலாம்.

துளையிடும் வேலையும் எளிதன்று. காற்றில் 1.4 முதல் 7.6 விழுக்காடுவரை பெட்ரோல் ஆவி கலந்திருந்தால் ஒரு பொறியே அதைப் பற்றவைக்கப் போதும் என்பதால், வடித்து வைத்த டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது; 'காலிதானே' என்று டிரில்லை எடுக்கும் பட்டறைகள் இதை எண்ணிப் பார்ப்பதில்லை. தப்பிப் பிழைத்தாலும், உள்ளே விழும் இரும்புத்தூள் பெட்ரோல் வடிகட்டியை அடைக்கும். துளையிடத் தேவையும் இல்லை: சைடு ஸ்டாண்டில் சாய்ந்த வண்டியில் மேல்பக்கமாக நிற்கும் பாதியில் காற்று தேங்குவதால், வண்டியை நிமிர்த்தி, கடைசி அரை லிட்டரை நிதானமாக விட்டாலே நாசில் முன்னதாக நின்றுவிடும் தொல்லை பெரும்பாலும் தீரும்.

உண்மையில் கை வைக்க வேண்டிய துளை வேறொன்று உண்டு. அதை எவரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. மூடியைச் சுற்றியுள்ள பள்ளத்தில் தேங்கும் மழைநீரை ஒரு ரப்பர்க் குழாய்வழி தரைக்கு அனுப்பும் அச்சிறு வடிகால் புழுதியால் அடைபட்டால், மூடியைத் திறந்தவுடன் தண்ணீர் டேங்குக்குள் இறங்கிவிடும். எத்தனால் கலந்த பெட்ரோலோ ஓரளவுவரை அந்நீரை ஈர்த்துவைத்து, அளவு மீறியதும் எத்தனாலும் நீருமாகப் பிரிந்து அடியில் படியும். பழைய கிளட்ச் கேபிளிலிருந்து உருவிய ஓர் இழையை அத்துளையில் மெல்ல விட்டு எடுத்து, மேலே ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால், அது குழாயின் மறுமுனையில் சொட்டுகிறதா என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். மூடி மட்டும் இறுகப் பூட்டியிருக்க வேண்டும்.